மைத்துனருக்குத் தெரிந்துபோன விலை

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சாரல் காலம். தென்காசியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கைக்குழந்தையோடு எத்தனை வீடு மாறுவது? என் தாலிச் சங்கிலியை விற்று, குத்துக்கல்வலசைப் பக்கம் சின்னதாய் ஒரு மனை வாங்கத் துணிந்தோம்.

மனையை எங்களுக்கு விற்க முன்வந்தவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர். அது இன்னும் அவர் பெயருக்கு வரவில்லை. சொந்தக்காரர் அவருடைய மைத்துனர், மனைவியின் அண்ணன், குற்றாலத்தில் கடை வைத்திருந்தவர். தங்கை வீடு கட்டிக்கொள்ளட்டும் என்று மலிவு விலைக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மனையைத்தான் கடைக்காரர் கூடுதல் விலைக்கு எங்களிடம் தள்ளிவிடப் பார்த்தார்.

பத்திரம் எழுதுபவரிடம் போனதும் கடைக்காரர் இரண்டு பத்திரம் போடச் சொன்னார். மைத்துனர் அவருக்கு எழுதித் தர ஒன்று, அவர் எங்களுக்கு எழுதித் தர ஒன்று. ஒவ்வொரு விற்பனைக்கும் தனித்தனியாக முத்திரைத்தாள் வாங்க வேண்டும். அவர் கையில் பணமில்லையாம், அவர் பத்திரத்துக்கும் நாங்களே வாங்க வேண்டுமாம். நல்ல நியாயம்! விற்பதற்கு என்னிடம் இனி தாலிதான் மிச்சம்.

எழுதுபவர் வேறு வழி சொன்னார். மனை இன்னும் கைமாறாததால் மைத்துனரே நேராக எங்களுக்கு எழுதித் தரலாம், கடைக்காரரும் கூடக் கையெழுத்துப் போட்டால் போதும். முத்திரை ஒரு தடவைதான். ஆனால் நாங்கள் கொடுக்கும் விலையைத்தான் எழுத வேண்டும், அதற்குத்தான் முத்திரை.

கடைக்காரர் முகம் சுண்டிப்போனது.

"மச்சான் சொன்ன வெலையவே போட்டுருவோம். ஒங்களுக்கும் செலவு கொறையும்லா?"

என் கணவர் சரியென்று தலையாட்டப் போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நாங்க குடுக்குதத எழுதுங்க அண்ணாச்சி. பொய்க் கணக்குல வீடு கட்டுனா எனக்கு ஒறக்கம் வராது."

கடைக்காரர் ஏன் மருகினார் என்று புரியாமலில்லை. பத்திரத்தை எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. தங்கைக்கென்று கொடுத்த மனையில் மாப்பிள்ளை லாபம் பார்ப்பது மைத்துனர் காதில் விழுந்துவிடும். அவர் கோபித்து எழுந்து போய்விட்டால் எங்கள் மனையும் போச்சு.

பதிவு நாளன்று மைத்துனர் சாரலில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். எழுதுபவர் வாசிக்கத் தொடங்குமுன் கடைக்காரர் எழுந்து நின்று, தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கடை நொடித்துவிட்டது, மனைவியின் நகையெல்லாம் அடகில் இருக்கிறது, அதை மீட்கத்தான் இந்த விற்பனை. அண்ணனிடம் சொல்லக் கூடாதென்று தங்கைதான் வாயை அடைத்தாளாம்.

மைத்துனர் எழுந்தார். நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கப்படாதா மாப்ளே? நான் என்ன வேத்தாளா?" என்றார். "இந்த ரூவாயில மொத வேலையா தங்கச்சி நகையத் திருப்பும்வே."

கையெழுத்துப் போட்டார். அதோடு விடாமல், அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டுப் போகலாம் என்று மாப்பிள்ளையைக் கையோடு குற்றாலம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அந்தத் தங்கை வந்திருந்தார். அவர் கழுத்தில் மீட்ட சங்கிலி, என் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. என் கையைப் பிடித்துக்கொண்டார். விலையைக் குறைத்து எழுதியிருந்தால் முத்திரையில் எங்களுக்குக் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும், ஆனால் அந்த அண்ணனுக்குத் தங்கை படும் பாடு தெரியாமலே போயிருக்கும் என்று இன்றும் வாசலில் கோலம் போடும்போது நினைத்துக்கொள்வேன்.