பேய்ப் படத்துக்கு ஒரு முகம்

நெல்லியடியில் ஒரு அச்சுக்கடையில் நான் கணினியில் வேலை செய்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. இந்த வேலை, பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதுதான். பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்தான் வரும். இறந்தவரின் வீட்டார் கொண்டுவரும் படங்கள் அநேகமாகக் கடைசிக் காலத்தில் எடுத்தவை. கண்ணுக்குக் கீழே உள்ள கறுப்பை எடுப்பேன். கன்னத்தைக் கொஞ்சம் நிரப்புவேன். மூக்கில் குழாய் இருந்தால் அழிப்பேன். கணவன் இருக்க இறந்த பெண்ணென்றால் பெரிய பொட்டு வைப்பேன். மகள்மார் பார்த்துவிட்டு, "ஓம், இதுதான் அம்மா" என்று அழுவார்கள். அந்த அழுகை வந்தால்தான் அச்சுக்குக் கொடுப்பேன்.

என் மனைவிக்கு மட்டும் அது சரிவரவில்லை.

போன மாரிமழைக் காலத்தில் அவள் இறந்துபோனாள். யாராவது படமெடுக்கப் போனைத் தூக்கினால் அடுப்படிக்குள் ஓடிவிடுவாள். நானும் அப்படித்தான். கலியாண அல்பம் சுனாமியோடு போய்விட்டது. அடையாள அட்டையில் முகம் தேய்ந்திருந்தது. மிஞ்சியது, ஆசுப்பத்திரிக் கட்டிலில் அவள் தங்கை எடுத்த ஒரு படம். அதை வைத்து எவ்வளவோ முயன்றேன். வந்தது யாரோ ஒரு பெண். எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில் அந்த நோட்டீஸை ஒட்டியபோது அயலவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "ஆர் இது?" என்று என்னிடமே கேட்டார்.

வருடம் முடிந்து வரும் ஆட்டத்திவசத்துக்கு இன்னொரு நோட்டீஸ் அடிக்க வேண்டும். அதிலாவது அவள் முகத்தைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு இளைஞர் கடைக்கு வந்தார். ஊர்ப் பெடியள் சேர்ந்து பேய்ப்படம் ஒன்று எடுத்திருந்தார்கள். இவர்தான் இயக்குநர். போஸ்டர் வேண்டுமென்று, பேயாக நடித்த பெண்ணின் படத்தைத் தந்தார். படத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, நீங்கள் செத்த ஆக்களோடை பழகின ஆள். உங்களை விட்டால் இதை ஆர் செய்யிறது?"

முதலில் செய்ததைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னை அறியாமலே முகத்தைச் சுற்றி வட்டம் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்திருந்தேன்.

"அப்பிடியே கீழை 'தகவல்: குடும்பத்தினர்' எண்டும் போட்டுவிடுங்கோ. அண்ணை, சனம் பயப்பிட வேணும், ஒப்பாரி வைக்கக்கூடாது!"

விளக்குகளை எடுத்தேன். பிறகு, வழக்கமாகச் செய்வதையெல்லாம் தலைகீழாகச் செய்தேன். பொட்டை அழித்தேன். கண்ணுக்குக் கீழே கறுப்பை ஏற்றினேன். கன்னத்தை உள்ளே இழுத்தேன். அவர் பின்னால் நின்று, "இன்னும், இன்னும்" என்றார். உதட்டை உலரவைத்துச் சற்றுத் திறந்துவிட்டேன். கடைசியாகக் கண்ணில் இருந்த மினுக்கத்தை எடுத்தேன்.

எடுத்ததும் என் கை நின்றுவிட்டது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கட்டிலருகே இருந்து நான் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, என்னைப் பார்த்தும் பாராமல் கிடந்த பார்வை.

"அண்ணை! உடம்பெல்லாம் புல்லரிக்குது. இதுதான். இனித் தொடாதேங்கோ."

"தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று எழும்பி வெளியே போனேன்.

போஸ்டரைச் சந்தைப் பக்கச் சுவரில், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்களுக்கு நடுவில் ஒட்டிவிட்டார்கள். முகத்தைப் பார்த்த சனம் படத்தின் பெயரை வாசிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் பேயாக நடித்த பெண்ணின் தாய் கடைக்கு வந்தார். என்னிலும் மூத்தவர்.

"தம்பி, நீங்களோ என்ரை பிள்ளையைச் சாகடிச்சது? வல்வெட்டித்துறையிலை இருந்து மச்சாள் போன் எடுத்து அழுகிறா, எப்ப பிரேதம் எடுக்கினம் எண்டு. பெரியம்மா வீட்டுக்காரர் வான் பிடிச்சு வந்து இறங்கிட்டினம். பிள்ளை அடுப்படியிலை நிண்டு அவைக்குத் தேத்தண்ணி ஊத்துறாள்!"

சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு முடியுமுன் அழத் தொடங்கிவிட்டார்.

"அதைப் பாத்ததிலை இருந்து, கண்ணை மூடினால் அந்த முகம்தான் வருகுது, தம்பி. அவளின்ரை முகத்தைக் காட்டுங்கோ."

கணினியில், மேலே பூசியவற்றை ஒவ்வொன்றாக மறைத்துக் காட்டினேன். கறுப்பு போனது. கன்னம் நிரம்பியது. பொட்டு திரும்பி வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். தாய் திரையைத் தொட்டு, "இந்தா, இருக்கிறாள்" என்றார். அதை அச்சடித்துக் கொடுத்தேன். மடிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

பின்னேரம் கடையில் ஆளில்லாதபோது என் மனைவியின் படத்தைத் திறந்தேன். நான் வைத்த பொட்டை மறைத்தேன். நிரப்பிய கன்னத்தை மறைத்தேன். அடியில் ஆசுப்பத்திரிக் கட்டில்தான் இருந்தது. அதற்கு அடியில் ஒன்றுமில்லை.

ஆட்டத்திவச நோட்டீஸை அவள் தங்கை கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அத்தான், அக்கான்ரை படம் எங்கை?"

"அவவுக்குப் படம் விருப்பமில்லைத்தானே" என்றேன்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விளக்கை மட்டும் வைத்திருந்தேன். இடம் வெறுமையாகத் தெரிந்ததால் சுடரைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தேன்.