காதுக்குப் பின்னால் ஒரு முத்து

ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த கற்றாழைக் களிம்பு கன்னத்தில் பட்டதும் ஒரு சில்லிப்பு கழுத்து வரைக்கும் இறங்கும். அந்தச் சில்லிப்புக்காகவே இந்தக் கோடையில் வேலை முடிந்து விளாங்குடிக்குத் திரும்பும் வழியெல்லாம், பஸ் ஜன்னல் கம்பியில் கை சுட்டுக்கொண்டே, வீட்டை நினைத்தபடி வருகிறேன். அது தோலுக்கு என்ன நன்மை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. டப்பாவில் எழுதியிருப்பதை நம்புகிற வயதைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது.

இதை நான் சொல்ல நேர்ந்ததற்குக் காரணம் நிவேதா. என் அத்தை மகள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு முறை எல்லோரையும் இழுத்துப் பிடித்து, என்ன பார்த்தீர்கள், என்ன படித்தீர்கள், முகத்தில் என்ன பூசினீர்கள் என்று கேட்பாள். பதில் சொல்லாமல் நழுவ முடியாது. இந்த மாதம் நான் பார்த்தது தமிழில் பேசவைத்த ஒரு கொரியத் தொடர். அதன் கதாநாயகி மழையில் நனைந்து அழுதாலும் கண் மை கலையாது, நமக்கோ சிம்மக்கல் சிக்னலில் நின்றாலே முகம் வழிந்துவிடுகிறது. படித்தது என்று சொன்னது உண்மையில் காதால் கேட்ட ஒரு துப்பறியும் நாவல். கேட்டதைப் படித்ததாகக் கணக்கில் எடுக்கலாமா என்று குழுவில் ஒரு சண்டையே நடந்தது. பூசியவற்றில் களிம்புக்கு முதலிடம். வெயிலுக்கென்று வாங்கிய கிரீம் என்னைச் சுண்ணாம்பு அடித்த சுவராக்கிவிட்டதால் அது மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது.

இவ்வளவையும் எழுதி அனுப்பியபின், இந்த மூன்று சுகமும் ஒன்றாகக் கூடிவந்து, வேறு வேலையே இல்லாமல் நான் அனுபவித்தது ஒரே ஒரு கோடையில்தான் என்று தோன்றியது. எனக்கு ஒன்பது வயதில் அம்மை போட்டிருந்த கோடை அது.

அப்போது எங்கள் வீடு சிம்மக்கல்லில், வைகைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்தது. அப்பாவுக்குக் கயிறும் வாளியும் மொத்த வியாபாரம். அப்பாவின் தங்கை செல்வி அத்தை எங்களோடுதான் இருந்தாள். விலங்கியல் கடைசி வருடம். தேர்வுக்கு மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தபோது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவருடைய வரன் வந்தது. அவர் விடுமுறையில் வந்திருந்தார். பெண் பார்ப்பது, பேசி முடிப்பது, தாலி கட்டுவது எல்லாம் அந்த விடுமுறைக்குள் நடந்தாக வேண்டும் என்றார்கள். நடுவில் அத்தையின் தேர்வு நந்தி மாதிரி நின்றது.

"டிகிரிய வச்சுக்கிட்டுச் சிங்கப்பூர்ல என்ன செல்வி பண்ணப் போற?" என்றார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. நல்ல இடம் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்ற அவசரம் அவருக்கு. அத்தை புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். இறங்கி வரும்போது மூக்கு சிவந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் அத்தையைக் கொஞ்சம் "வெளுக்க" வைக்கும் பொறுப்பு அம்மாவிடம் வந்தது. கஸ்தூரி மஞ்சளும் பயத்தம் மாவும் தயிரில் குழைத்து அம்மா அப்பிவிட, அது காய்ந்து இறுகியதும் அத்தை வாயை அசைக்காமல் தவளையின் நரம்பு மண்டலத்தை மனப்பாடம் செய்வாள். எனக்கு அது பெரிய வேடிக்கை.

அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் வந்து, வயிற்றில் இரண்டு கொப்புளம் எழும்பியது. சட்டையைத் தூக்கிப் பார்த்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வந்திருக்கா" என்றாள். உடனே வாசலில் வேப்பிலை ஏறியது. வேப்பிலை ஏறிவிட்டால் அந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது, நல்ல காரியம் எதுவும் பேசக் கூடாது. கொப்புளத்துக்கு "முத்து" என்று பெயர். முத்தெல்லாம் உதிர்ந்து மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் வேப்பிலை இறங்கும். பெண் பார்க்கும் நாள் தள்ளிப்போயிற்று.

அத்தைக்குச் சிறு வயதிலேயே அம்மை போட்டு இறங்கியிருந்ததால் என்னைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. சொறியக் கூடாது என்பதற்காக ஒரு கையில் வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டே, மறு கையில் புத்தகத்தை வைத்துச் சத்தமாகப் படிப்பாள். கரப்பான் பூச்சியின் ரத்தத்துக்கு நிறமே கிடையாது என்று நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். கதை கேட்கிற மாதிரி, "அந்தக் கரப்பான் பாடத்த இன்னொருக்கா வாசிங்கத்தை" என்று நச்சரிப்பேன். டிவியைப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். நான் அழுத அழுகையில் சாமி படம் மட்டும் பார்க்கலாம் என்று அம்மா சட்டத்தைத் தளர்த்த, அப்பா வாடகைக்கு வீடியோ "டெக்கு" எடுத்துவந்தார். அம்மன் சூலத்தோடு வரும் ஒரே கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எனக்கு வசனமெல்லாம் பாடமாகிவிட்டது. தோலுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுது, வயிற்றுக்கு நுங்கும் இளநீரும். ராஜ வாழ்க்கை.

எல்லா முத்தும் உதிர்ந்து, இரண்டு தண்ணீரும் ஊற்றியாயிற்று. மாப்பிள்ளையின் விடுமுறை இன்னும் மிச்சம் இருந்தது. அத்தையின் தேர்வு தொடங்க இருந்தது. ஒரு காலை அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "நாளைக்குக் கடைசித் தண்ணிய ஊத்திறலாம்ல? அவுக மறுபடியும் ஆள் விட்டுட்டாக" என்று கேட்டார்.

அம்மா என்னை மடியில் சாய்த்துத் தலைமுடியை விலக்கிப் பார்த்தாள். "ஊத்த முடியாதுங்க. காதுக்குப் பின்னால ஒண்ணு நிக்கிது."

நான் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. அத்தை குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா என் முடியில் இருந்த ஒரு காய்ந்த வேப்பிலையை எடுத்துக் கீழே போட்டாள். அத்தையின் கண் நிறைந்துவிட்டது.

"ஆமாண்ணே. மதினி சொல்றது சரிதான். ஒண்ணு இருக்கத்தான் செய்யுது" என்றாள்.

ஆத்தாவின் முத்தை ஆம்பிளைகள் வந்து எட்டிப் பார்ப்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வேப்பிலை காயக் காய அம்மா புதிது கட்டினாள். அத்தை தேர்வுக்குப் புறப்பட்டபோது, "ஆத்தா இருக்கிற வீட்டுல இருந்து வெளிய போகலாமா?" என்று அப்பா சந்தேகம் கேட்டார். "படிப்புக்குப் போனா ஆத்தா கோவிச்சுக்க மாட்டா. நல்ல காரியம் பேசுனாத்தான் கோவிப்பா" என்றாள் அம்மா. இந்தச் சட்டம் எங்கே எழுதியிருக்கிறது என்று அப்பா கேட்கவில்லை. ஆத்தா விஷயத்தில் அவருக்குப் பயம் அதிகம்.

இதில் வகையாக மாட்டிக்கொண்டது நான்தான். சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குகிற இடம் எங்கள் சந்திலிருந்து கூப்பிடு தூரம். அந்தச் சனத்தின் இரைச்சலை ஜன்னலில் முகத்தைப் பதித்துக் கேட்டேன். எனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்று காலை உதைத்து அழுதேன். அம்மா என்னைத் திட்டவில்லை; பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்ச நாளு கண்ணு. அத்தை பரீட்சை எழுதி முடிக்கட்டும்" என்றாள். அத்தைக்கும் என் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அன்று பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

கடைசித் தேர்வுக்கு முந்தின நாள் மாப்பிள்ளையின் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். சந்து முனையில் ஆட்டோ நின்றதையும், பட்டுப்புடவை இறங்கியதையும் அம்மா ஜன்னல் வழியே பார்த்தாள். அடுத்த நொடி, அம்மியில் அரைத்து வைத்திருந்த விழுது மொத்தமும் என் முகத்தில் ஏறியது. நெற்றி, கன்னம், மூக்கு, எதுவும் பாக்கியில்லை. நான் உட்கார்ந்திருந்தது வெயிலடிக்கிற ஜன்னலோரம். மளமளவென்று காய்ந்து இறுகியது.

அந்த அம்மாள் வேப்பிலையைத் தாண்டவில்லை. தெருவில் நின்றபடியே ஜன்னலைப் பார்த்து, "இம்புட்டு நாளாவா எறங்காம இருக்கு?" என்றார், நம்பாத குரலில். என்னை நேராகப் பார்த்து, "ஏம்மா, உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குப் பின்னால் அத்தை புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள். 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் சாயங்காலமே தெருவில் விளையாடலாம். நான் வாயைத் திறக்கப் போனேன்; காய்ந்த விழுது கன்னத்தை இழுத்துப் பிடித்தது.

"அரிக்குது" என்றேன். சத்தியமான வார்த்தை.

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டு, "தாயே, மாரியாத்தா" என்று சொல்லிக்கொண்டே பின்வாங்கினார். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. அத்தை என்னை அந்த விழுதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அவள் தாவணியில் இருந்த பச்சைக் கறை எத்தனை துவைத்தும் போகவில்லை.

மறுநாள் அத்தை தேர்வு எழுதிவிட்டு வந்த சாயங்காலம், வெயிலில் வைத்துச் சூடான வேப்பிலைத் தண்ணீரை அம்மா என் தலையில் ஊற்றினாள். "முழுசா எறங்கிட்டா" என்று அப்பாவிடம் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் திண்டுக்கல் பக்கம் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். அப்பா ஒரு வாரம் உம்மென்று இருந்தார், பிறகு அவரும் மறந்துபோனார். அத்தை தேறி, மேலே படித்து, அவனியாபுரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாகி, தானே சம்மதித்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். கரப்பான் பாடத்தை இன்றைக்கும் அவளளவுக்கு யாரும் நடத்த முடியாது என்று அவளிடம் படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள்.

இப்போது அப்பா இல்லை. சிம்மக்கல் வீடு கைமாறி, கீழே கடைகளாகிவிட்டது. என் மகளுக்கு அம்மைத் தடுப்பூசி போட்டாயிற்று. "முத்து" என்றால் அவளுக்குக் கம்மலில் இருப்பதுதான். வாசலில் வேப்பிலை கட்டிய வீட்டைப் பார்த்தே எத்தனையோ வருடமாகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் நிவேதாவுக்கு ஒரு வரன் வந்திருப்பதாக மாமா பேச்செடுத்தார். நிவேதா தட்டிலிருந்து தலை நிமிராமல், "இப்ப வேணாம்ப்பா. படிச்சு முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்" என்றாள். மாமா, "சரி, வேண்டாம்னு சொல்லிர்றேன்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

எனக்கு ஏனோ பெரிய பாரம் ஒன்று இறங்கின மாதிரி இருந்தது. அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா மட்டும் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து நடுவிலேயே கூட்டிவந்து அப்பாவுக்குப் பேசி முடிக்கப்பட்டவள் அவள். அன்றைக்கு அவளுக்காக வேப்பிலை கட்ட அந்த வீட்டில் ஆள் இல்லை.

"அம்புட்டுத்தானா?" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல். "வேண்டாம்னு சொன்னா, அம்புட்டுத்தானா?"