கடை டவுன்லோடு ஆன நாள்

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ராஜபாளையத்தில் என் வீட்டில் காலைத் தோசையின் முன் உட்கார்ந்திருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பாய் கூப்பிட்டார். காய்கறி விதைக்கடை வைத்திருப்பவர். அவர் கடைக்கு இணையதளம் செய்து கொடுத்ததும், இத்தனை வருடமாக அதைப் பார்த்துக்கொள்வதும் நான்தான்.

"ஏம்மா, நம்ம கடை டவுன்லோடு ஆகுதாம்மா!"

"கடையா?"

"ஆமாம்மா. ஆர்டர் போடுற எடத்தத் தொட்டா ஏதோ ஃபைலு வந்து போன்ல எறங்குதாம். மகாராஜபுரத்து அக்கா ஒண்ணு நாலு தடவை தொட்டு நாலு ஃபைலு எறக்கி வச்சிருக்கு. நீ உடனே பொறப்பட்டு வா."

கேட்டதுமே பாதி புரிந்துவிட்டது. முந்தின நாள்தான் தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றியிருந்தேன். ஆர்டர் பக்கத்தை சர்வர்தான் ஸ்கிரிப்ட் என்கிற நிரலை ஓட்டித் தயாரித்து அனுப்ப வேண்டும். ஓட்டாமல், ஸ்கிரிப்டையே அப்படியே தூக்கி வாடிக்கையாளர் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நான் மாற்றிய பிறகு சரிபார்த்தது முகப்புப் பக்கத்தை மட்டும். அதில் ஓட்டுவதற்கு ஒன்றுமே கிடையாது. படம் அழகாகத் தெரிந்தது, மூடிவிட்டுப் போய்விட்டேன்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்குள் நுழைந்தபோது கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மகாராஜபுரத்து அக்கா. போனில் ஆகாததால் நேரிலேயே வந்துவிட்டாராம். பாய் கடைக் கம்ப்யூட்டரின் தூசியைத் துடைத்து, எனக்கு நாற்காலி போட்டுவைத்திருந்தார்.

"இதுல ஒண்ணும் இல்ல பாய். சர்வர் மும்பையில இருக்கு."

"அப்ப நீ எதுக்கும்மா இங்க வந்த?"

"நீங்கதான பொறப்பட்டு வரச் சொன்னீங்க!"

அவர் சிரித்துக்கொண்டே டீ சொல்லப் போனார். நான் விதைப் பொட்டலங்களைத் தள்ளிவைத்து இடம் பண்ணினேன். முதல் வேலையாக டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றினேன். பழையது ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதியிருக்கிறது; ஸ்கிரிப்ட் ஊருக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போது அதை நம்ப முடியாது. பிறகு, இன்றைய தேதியைக் காட்டும் ஒற்றை வரி ஸ்கிரிப்ட் எழுதிக் கடையின் ஃபோல்டரில் போட்டுத் திறந்தேன். அதுவும் இறங்கியது. சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். மறுபடியும் இறங்கியது.

அதற்குள் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் போனில் இறங்கிய ஃபைலைத் திறந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாம் இங்கிலீசாத்தான் இருக்கு. நடுவுல மட்டும் தமிழ்ல எழுதிருக்கு. 'இந்த வரியைத் தொடாதே. ஏன் வேலை செய்யுதுன்னு தெரியலை. ஆனா செய்யுது.' இது யாரு எழுதுனது?"

காதெல்லாம் சூடாகிவிட்டது. எனக்காக நானே எழுதிவைத்த குறிப்பு. டீயோடு வந்த பாய் அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"பரவால்லம்மா," என்றார் அக்கா. "எங்க மோட்டாரும் அப்படித்தான். ஏன் ஓடுதுன்னு எங்களுக்கும் தெரியாது."

சிரித்ததில் பதற்றம் போய்விட்டது. அதே ஒற்றை வரி ஸ்கிரிப்டை சர்வரிலேயே வேறொரு காலி ஃபோல்டரில் போட்டுப் பார்த்தேன். தேதி பளிச்சென்று வந்தது. அப்படியானால் சர்வருக்கு ஓட்டத் தெரிகிறது. கடையின் ஃபோல்டரில்தான் ஏதோ ஒன்று தடுக்கிறது. மறைந்திருக்கும் ஃபைல்களையும் காட்டச் சொன்னேன். புள்ளியில் ஆரம்பிக்கும் பெயரோடு ஒரு சின்ன ஃபைல் வெளியே வந்தது. ஸ்கிரிப்டுகளைப் பழைய சர்வரில் இருந்த பழைய மென்பொருள் பதிப்பைக் கொண்டு ஓட்டு என்று அதில் ஒரு வரி. அந்தப் பதிப்பே புதிய சர்வரில் கிடையாது. மூட்டையோடு மூட்டையாக நானே அதையும் கட்டி ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். அழித்தேன். ஸ்கிரிப்டில் புதிய பாஸ்வேர்டை எழுதினேன். ஆர்டர் பக்கம் திறந்தது.

"வந்துருச்சு பாய்!"

"அம்புட்டுத்தானா? ஒரு வரியா?" பாய்க்குக் கொஞ்சம் ஏமாற்றம். பிறகு அக்காவிடம் திரும்பினார். "என்ன வேணும்னு சொல்லுக்கா, கையோட எடுத்துத் தாரேன்."

"வேண்டாம்ண்ணே. விடிஞ்சதுல இருந்து இதோட மல்லுக்கட்டுறேன். இதுலதான் வாங்குவேன்."

வெண்டை ஆறு பாக்கெட், கொத்தவரை நாலு என்று ஒவ்வொன்றாகத் தொட்டார். முகவரி கேட்டது. ஒற்றை விரலால் பொறுமையாக அடித்தார். இரண்டடி தள்ளி நின்ற பாயின் போன் 'டிங்' என்றது. முன்பின் தெரியாத யாரோ ஆர்டர் போட்டதைப் போல அவர் அதைச் சத்தமாக வாசித்து, விதைகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்தாக்கா, பையில போட்டுக்க."

"ஏன், அட்ரஸ் எதுக்குக் குடுத்தேன்? வீட்டுக்கு அனுப்புங்க. செத்த நேரத்துல எங்க ஊர்ப் பக்கம் போற வத்ராப் பஸ் வந்துரும், நான் போறேன்."

வெறுங்கையை வீசிக்கொண்டு அக்கா படியிறங்கிப் போனார். பாய் கூரியர் கவர் ஒன்றை எடுத்து, மகாராஜபுரம் என்று பெரிய எழுத்தில் எழுத ஆரம்பித்தார்.