ஆனைக்கு ஒரே எழுத்து

சதுரங்கம் எழுதுகிறவனுக்கு ஆடவும் கிடைக்காது, நிம்மதியாக வேடிக்கை பார்க்கவும் கிடைக்காது; எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கையெழுத்தால் வந்த வினை

எழுபதுகளின் கடைசி. கேரளத்தில் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் நான் கிளார்க். ஞாயிறுதோறும் தொழிலாளர் கிளப்பில் சதுரங்கம். ஆடுகிறவர்கள் நகர்த்தலை வாயால் சொல்ல, கையெழுத்து நன்றாக இருந்ததால் நான் நோட்டில் எழுதவேண்டும். எனக்கு ஆட்டம் அரைகுறை என்று கெஞ்சிப் பார்த்தேன். செக்ரட்டரி விடவில்லை.

"ஆடத் தெரிஞ்சவன் சும்மா இருக்கமாட்டான், யோசனை சொல்லுவான். நீதாம்டே சரியான ஆளு!"

பின்னால் போகும் மாரியப்பன்

இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்த மாரியப்பன் தோற்றால் என்னையும் வீட்டுக்கு விடமாட்டான். நோட்டைப் பார்த்து ஒவ்வொரு நகர்த்தலாகப் பின்னால் போவோம். வெட்டுப்பட்ட காயெல்லாம் மறுபடி பலகைக்கு வரும். எனக்குப் பசி காதை அடைக்கும். ஆனாலும் என் எழுத்தை அத்தனை அக்கறையாகப் படித்தவன் அவன் ஒருத்தன்தான்.

"பொறுங்கண்ணே, எங்க கோட்டை விட்டேன்னு பாத்துட்டுப் போயிருவோம்."

ரெண்டு ஆனை

மூலையில் நிற்கும் காய் நமக்கு ஆனை. மலையாளத்தில் அது தேர். அவர்கள் 'ஆன' என்பது கோணலாகப் போகும் நம் மந்திரியை. நானோ 'தேர்' என்று கேட்டாலும் தமிழாக்கி 'ஆ' போடுவேன், 'ஆன' என்று கேட்டாலும் அவசரத்தில் 'ஆ' போடுவேன்.

ஜில்லாப் போட்டிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் அது. மாரியப்பனும் ஃபீல்டு ஆபீஸ் மலையாளி ஜோசப்பும். ஜோசப் ஒரு காயை நகர்த்தி முடித்த நேரம், மழைக்குப் போர்த்திய ஈரக் கம்பளியோடு யாரோ திரும்ப, காயெல்லாம் தரையில். நோட்டைப் பார்த்து முதலிலிருந்து அடுக்கி வந்தேன். கடைசி நகர்த்தல், 'ஆ', பக்கத்தில் கட்டத்தின் எண். அந்தக் கட்டத்துக்கு ஜோசப்பின் ரெண்டு காயும் போகலாம். மந்திரி என்றால் அவர் பிழைத்தார். ஆனை என்றால் மாரியப்பன் ஜில்லாவுக்குப் போகிறான். நான் எதைக் கேட்டு எழுதினேன் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. மாரியப்பன் என் முகத்தையே பார்த்தான். தான் சொன்னால் எடுபடாது என்று அவனுக்குத் தெரியும்.

ஜோசப் பலகைமேல் குனிந்து தன் ஆனையை எடுத்து அந்தக் கட்டத்தில் வைத்தார். அந்த மனுஷனைக் கும்பிடலாம் போலிருந்தது.

"தேராணு சாரே, நிங்களோட ஆனை. மாரியப்பா, இனி நீ களிச்சோ, உன் ஆட்டம்!"

அன்று முதல் ஆனையை முழுசாகவே எழுதுகிறேன். சுருக்கி எழுதினால் காப்பாற்ற எல்லா ஊரிலும் ஒரு ஜோசப் இருப்பாரா என்ன?