ழகரம் மிகுதி

முப்பத்தைந்து வயதில் பி.எட். சேர்ந்தேன். அதுவரை மருந்து மொத்தக் கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தமிழ் எம்.ஏ.வை அஞ்சல் வழியில் முடித்து, சான்றிதழைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். மேலூரில் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர், தன் பள்ளித் தமிழாசிரியர் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறுகிறார், அதற்குள் பி.எட். தேறி வந்தால் அந்த இடம் உங்களுக்குத்தான் என்று சொன்னார். அதை நம்பி வேலையை விட்டேன். நர்ஸாக இருக்கும் என் மனைவி "சரி, படிங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் சண்டை போட்டுச் சம்மதித்த காரியத்தில் தோற்கலாம். சும்மா சம்மதித்த காரியத்தில் தோற்க முடியாது.

கல்லூரி ஊருக்கு வெளியே, ஒரு கரும்புத் தோட்டத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவில் இருந்தது. முகூர்த்த நாட்களில் நாதஸ்வரத்தோடு சேர்த்துத்தான் உளவியல் படித்தோம். தமிழாசிரியர் ஆகப்போகிறவர்களுக்கு மொழியியல் அறிமுகம் என்று ஒரு தாள் உண்டு. அதை நடத்திய பேராசிரியை முதல் வகுப்பிலேயே, பேச்சில் சரி, தப்பு என்று கிடையாது, எல்லா ஊர்ப் பேச்சுக்கும் இலக்கணம் உண்டு என்றார். என் வாயில் தப்பில்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா மேல் உடனே பெரிய மரியாதை வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஒலியியல் வந்தது. பலகையில் வாயைக் குறுக்கே வெட்டியதுபோல் ஒரு படம் போட்டார். ஊறுகாய்க்கு அரிந்த மாங்காய் மாதிரி இருந்தது. ளகரத்துக்கு நாக்கு நுனி மடங்கி அண்ணத்தைத் தொட வேண்டும், ழகரத்துக்கு மடங்க வேண்டும், ஆனால் எங்கும் தொடக் கூடாது என்று விளக்கினார். எங்கள் குடும்பத்தில் தொட்டுப் பார்க்காமல் யாரும் எதையும் விட்டதில்லை. நாக்கும் அப்படித்தான் வளர்ந்திருந்தது.

ஒரே ஓர் ஒலியால் பொருள் மாறுகிற சொற்கள் இரண்டு சொல்லுங்கள் என்று என்னை எழுப்பினார். வாளை என்ற மீனையும் வாழை என்ற மரத்தையும் சொன்னேன்.

"ஒண்ணுதான சொன்னீங்க? இன்னொண்ணு?" என்றார்.

"ரெண்டையும் சொல்லிட்டேன் மேடம்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உங்கள் பேச்சில் அந்த இரண்டு ஒலியும் ஒன்றாகிவிட்டது, ஆகவே உங்கள் வாயில் அவை இரண்டு சொல்லே அல்ல, ஒன்றுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். சோழவந்தானைச் சோளவந்தான் என்றும் மழையை மள என்றும் சொல்லும் ஊரில் பிறந்தவனுக்கு அது பெரிய ஆறுதல். வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து, "இதெல்லாம் மொழியியல். செய்முறைத் தேர்வுக்கு வாரவர்ட்ட இதச் சொல்லிராதீங்க" என்றார்.

செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருபவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ழகரம் வராதவனுக்குத் தமிழ் கற்பிக்க அருகதை இல்லை என்பது அவர் கட்சி. போன வருஷம் இரண்டு பேரை அந்த ஓர் எழுத்துக்காகவே தேறவிடாமல் ஒரு வருஷம் காக்க வைத்தாராம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமான பயம். மேலூர் இடம் ஒரு வருஷம் காத்திருக்காது.

எங்கள் வகுப்பில் ழகரம் பிசகாமல் வந்தது ஒரே ஒரு பெண்ணுக்குத்தான். பழைய ஊருக்குள் பூட்டுச் சாவிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். வீட்டில் உருதுதான் பேசுவார்கள். நாங்கள் எல்லாம் ஆண்ட பரம்பரை மாதிரித் தமிழ் பேசித் திரிய, அந்தப் பெண் வாயில் மட்டும் எப்படி இது குடியேறியது என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத் தமிழ ஒங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. அம்மா யாராச்சும் திருத்துவாங்களாண்ணே?" என்றது.

மதிய இடைவேளைகளில் பைக் நிறுத்தும் கொட்டகையில் எனக்குப் பாடம் நடந்தது. ஏழைக் கிழவனை வாழைப்பழத் தோலில் விழவைக்கும் அந்தப் பழைய வாக்கியத்தை எடுத்துக்கொண்டோம். பருவம் முடிவதற்குள் கிழவன் விழுந்த தடவைகளுக்கு வேறொருவனாயிருந்தால் எலும்பு மிஞ்சியிருக்காது. நானோ அவனைக் கிளவன் என்றே எழுப்பி விட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டிலும் பழகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இலையில் உட்கார்ந்து, நாக்கை எங்கும் படவிடாமல் "கோழிக் குழம்பு" கேட்டேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வாயத் தொறங்க, புண்ணா?" என்றாள். இல்லை, ழகரம் என்றேன். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கி வந்தாள். மறுத்தால் வம்பு. சாப்பிட்டேன்.

மாத்திரையோ, கிழவனோ, ஒருநாள் ழகரம் வந்துவிட்டது. பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கண்டக்டர் "பளங்காநத்தம், பளங்காநத்தம்" என்று கூவினார். என் வாய் தன்னால் "பழங்காநத்தம்" என்றது. இறங்க வேண்டியவன் நான்தான் என்பதால் அவரும் தலையாட்டினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பிரச்சினை அதற்குப் பிறகு வந்தது. எங்கும் தொடாதே என்று நாக்குக்குச் சொல்லி வைத்தேன் அல்லவா, அது எங்குமே தொடாமல் போய்விட்டது. பள்ளி பழ்ழியானது. வெள்ளி வெழ்ழியானது. தேர்வுத் தேதியைச் சொல்ல மேலூருக்குப் போன் செய்து, "வணக்கம், தாழாழர் ஐயா" என்றேன். லைன் சரியில்லை, அப்புறம் பேசுங்கள் என்று வைத்துவிட்டார்.

பூட்டுக் கடைப் பெண்தான் கண்டுபிடித்தது. "அண்ணே, ‘ழ’ வந்துருச்சு. ஆனா இருந்த ‘ள’ போயிருச்சு" என்றது. இருவரும் பேராசிரியையிடம் ஓடினோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இதற்கு மிகைத்திருத்தம் என்று பெயர், புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன், இவ்வளவு சுத்தமாக நேரில் பார்த்ததில்லை என்றார். அடுத்த வகுப்பில் என்னை உதாரணமாகக் காட்டலாமா என்று அனுமதி கேட்டார். கொடுத்தேன். வைத்தியம் கேட்டதற்கு, அதுவாகச் சரியாகிவிடும் என்றார். எப்போது என்று சொல்லவில்லை. தேர்வு மறுவாரம்.

ழகரம் இல்லாத பாடமாக எடுத்து நடத்திவிடலாம் என்று புத்தகத்தைப் புரட்டினேன். அட்டையிலேயே தமிழ் என்று போட்டிருந்தது.

சோழவந்தான் பக்கம் ஒரு பள்ளி. ஏழாம் வகுப்பு. நீர்நிலைகளைப் பற்றிய உரைநடைப் பாடம். தேர்வுக்கு வந்த தலைமையாசிரியர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "பிழ்ழைகழே, வணக்கம்" என்று ஆரம்பித்தேன். அவருடைய பேனா அப்போதே நின்றுவிட்டது.

மழை, ஏரி வரைக்கும் சமாளித்தேன். அடுத்தது குளம். நான் வாசிக்க, வகுப்பு திருப்பிச் சொல்ல வேண்டும். "குழம்" என்றேன். பிறந்ததிலிருந்து மள, பளம் என்று பேசி வளர்ந்த அத்தனை பிள்ளைகளும், வாத்தியார் சொல்கிறாரே என்று, ஒரே குரலில் "குழம்" என்றார்கள். பிசிறில்லாத ழகரம். நான் ஒரு பருவம் முழுக்கப் பட்ட பாட்டை அவர்கள் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள். "வெழ்ழம்" என்றேன். அதையும் சொன்னார்கள். மேலூர் வேலை அந்த வெழ்ழத்தோடு போவதை நின்று பார்த்தேன். மனைவி "சரி, படிங்க" என்று சொன்ன குரல் காதில் கேட்டது. பாடத்தை எப்படி முடித்தேன் என்று இப்போதும் தெரியாது.

மணி அடித்ததும் தலைமையாசிரியர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். மதிப்பெண் தாள் கையில் இருந்தது. ஊர் எது என்று கேட்டார். எல்லாம் முடிந்துவிட்டது, இனி நாக்கைப் பிடித்து வைத்து என்ன ஆகப்போகிறது என்று அதன் போக்கில் விட்டுவிட்டேன்.

"பளங்காநத்தம்யா."

"பளங்காநத்தத்துல எங்குட்டு?" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, "பழங்காநத்தத்தில் எந்தப் பகுதி?" என்று கேட்டார். சொன்னேன். அவருடைய தங்கை வீடு அங்கேதான் இருக்கிறது என்றார். ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். தாளைச் சுவரில் வைத்து ஏதோ எழுதிவிட்டுப் போனார்.

தேறிவிட்டேன். உச்சரிப்பு என்ற கட்டத்துக்கு எதிரில் "ழகரம் மிகுதி. குறைத்துக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தார். மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, இனிமேல் மாத்திரை வேண்டாம் என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூனில் மேலூரில் சேர்ந்தேன். பேராசிரியை சொன்னபடி நாக்கு அதுவாகச் சரியாகிவிட்டது. வகுப்பில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி, எதை எங்கே தொட வேண்டும் என்று அதற்கே தெரிகிறது. முதல் வாரத்தில் ஒருநாள் நடையில் போய்க்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பு வாசலில் நின்ற ஒரு சின்னப்பெண் உள்ளே திரும்பி, "தமிளய்யா வாராரு" என்றது. திருத்த வேண்டும் என்று நாக்கு தானாக மடங்கியது. இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மடங்கிய நாக்கை இறக்கிவிட்டு, உள்ளே போனேன்.