அணையாத சிவப்பு விளக்கு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீர்வேலியில் என் கணவர் ஓட்டும் பழைய வாடகைக் கார்தான் எங்கள் பிழைப்பு. அதன் எஞ்சினைப் புதுப்பித்துப் பூட்டிய அன்று மெக்கானிக் சொன்னார்: “அண்ணை, பிளக்கைக் கழட்டிப்போட்டு ஸ்டார்ட்டரை அடிச்சு, முதல்லை ஒயிலை மேலை ஏத்துவம். இல்லாட்டி எஞ்சின் இறுகிப்போடும்.”

“நல்ல நேரம் முடியப்போகுது. உன்ரை ஒயில் பிறகு ஆறுதலா ஏறட்டும்,” என்றார் கணவர்.

கற்பூரம் கொளுத்தி, முதலில் முடுக்கச் சொல்லிக் கார்த் திறப்பை என்னிடம் தந்தார்கள். எஞ்சின் உறுமியதும் எல்லோரும் சிரித்தார்கள். ஒயில் ஏறியதும் அணையவேண்டிய முன்பலகை விளக்கு மட்டும் சிவப்பாகவே எரிந்தது. அடியில் வறண்ட தட்டல் கேட்டது. வாய்திறந்து சொல்லக் கூச்சம், எஞ்சினை நிறுத்திவிட்டேன்.

“ஏனப்பா நிப்பாட்டினனீர்?” என்று கணவர் சீறினார்.

“அக்கா நிப்பாட்டாட்டிக் கதை முடிஞ்சிருக்கும்,” என்றார் மெக்கானிக். அவர் சிரிக்கவில்லை.

இப்போது அந்த விளக்கு அணையும்வரை காரை எடுக்க நான் விடுவதில்லை.

கற்பூரம் கொளுத்திய அன்றைக்கு மறுநாளே எஞ்சினைத் திரும்பவும் கழற்றினார்கள். ஒயில் இல்லாமல் ஓடிய அந்தச் சில நொடிகளில், சுழல்தண்டைத் தாங்கும் ஒரு பெயரிங்கில் கீறல் விழுந்திருந்தது.