கண்ணுல வுழுந்த கரி

ஜெர்மன் சண்டை முடிஞ்ச புதுசு. ராயபுரத்துல ஒரு கரிக்கெடங்குல கூடை தூக்கிக்கினு இருந்தேன். கூடையைத் தலையில வச்சுக்கினு ஒத்தப் பலகை மேல நடந்து போயி ரயில் வண்டியில கொட்டணும். மூஞ்சியெல்லாம் தூள் பறக்கும். அதனால எங்களுக்குள்ள ஒரு வழக்கம், ஆளுக்கு ஒரு சோடி. மத்தியானம் கஞ்சிக்கு உக்காரச்சொல்லோ சோடிக்காரி இமையைப் பெரட்டிப் பாப்பா. தூசி இருந்தா நாக்கு நுனியால நக்கி எடுத்துடுவா. கேக்க கலீஜா கீதா? எங்க கண்ணெல்லாம் அப்படித்தான் பொழச்சுது.

அந்த வாரம் எனக்கும் என் சோடிக்காரிக்கும் சண்டை. குழாயடியில என் கொடத்தை நவுத்திட்டு அவ கொடத்தை வச்சுட்டா. அவ்ளோதான், பேச்சில்ல. அப்பப் பாத்து வலது கண்ணுல கரி வுழுந்துச்சு. அவகிட்ட போயி நிக்க மனசு வரல. வேற எவளும் அடுத்தவ சோடியத் தொடமாட்டா.

மறுநாள் கண்ணு செவந்து வீங்கிடுச்சு. என் வூட்டுக்காரரு வைத்தியர்கிட்ட இட்டுக்கினு போனாரு. அந்த வைத்தியரைச் சும்மா சொல்லக்கூடாது. எங்கம்மா செத்தப்போ எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. ஆஸ்பத்திரியில வவுத்தை அமுக்கிப் பாத்துட்டு செவப்புத் தண்ணி ஊத்திக் குடுத்தாங்க, ஒண்ணும் ஆவல. இவருதான் உக்கார வச்சுப் பேச வுட்டாரு. அழுது தீத்தேன், பசி வந்துச்சு. உடம்பு வேற மனசு வேற இல்லம்மா, முழு ஆளையும் பாக்கணும்னாரு. கையெடுத்துக் கும்புட்டேன்.

இப்பவும் முழு ஆளையும் பாத்தாரு. நாடி புடிச்சாரு. தூக்கம் வருதா, கனா வருதா, இன்னா துன்றே, யார் கூட மனஸ்தாபம்னு கேட்டாரு. குழாயடிச் சண்டையைச் சொன்னதும் அவரு மூஞ்சி மலர்ந்துடுச்சு. கோவந்தான் சூடாயி கண்ணுக்கு ஏறிடுச்சாம். புளி, காரம் நிறுத்தணுமாம், அவகூட ராசியாவணுமாம். கரி வுழுந்துச்சு வைத்தியரேன்னேன். அது சாக்கு, வேரு உள்ள கீதுன்னாரு. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. பாத்தியா, இந்தக் கோவந்தான்னு தலையாட்டுறாரு. இன்னா பண்றது அந்த ஆளை?

பத்தியம் இருந்து பாத்தேன். வலி கொறயல. கடைசியில சோடிக்காரி வூட்டுக்கு நானே போனேன். அவ என்னை இழுத்து வெளிச்சத்துல நிக்க வச்சு இமையைப் பெரட்டினா, நாக்கை வச்சா. வரல.

"பாவி, அன்னிக்கே வந்திருக்கக் கூடாதா? பொதைஞ்சு போச்சுடி"ன்னு அழுதுட்டா.

பெரிய ஆஸ்பத்திரியில ஊசியால நோண்டி எடுத்தாங்க. அந்த டாக்டரு என் பேரைக்கூடக் கேக்கல. கண்ணுக் கட்டோட எப்படிப் பலகையில நடப்பேன், வூட்டுல யாரு ஒலை வைப்பான்னு அவருக்கு இன்னா கவலை? கரி போச்சு, ஆனா கண்ணுல பூ வுழுந்துடுச்சு. ஒத்தக் கண்ணுக்குப் பலகை எங்க முடியுதுன்னு தெரியல. கெடங்கு வேலையும் போச்சு.

அப்பறம் ஒரு நாளு திருவொத்தியூர் தேருல வைத்தியரைப் பாத்தேன். சண்டைதான் மூலம், நான் அப்பவே சொன்னேனேன்னாரு. நெசந்தான். சண்டை இல்லன்னா அன்னிக்கு மத்தியானமே கரி வெளிய வந்திருக்கும். அவரு சொன்னது அத்தனையும் நெசம், அதான் என் வவுத்தெரிச்சல்.

"எல்லாங் கேட்டீங்களே வைத்தியரே, இமையை ஒரு தபா தூக்கிப் பாத்தீங்களா?"ன்னேன்.

அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. அப்பறம் நாடி புடிக்கக் கையை நீட்டினாரு.